ஒரே குழாயில் இரண்டு மூச்சு

முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுக்க மகள் ரப்பர் பை ஒன்று வாங்கி வந்தாள். வெந்நீர் ஊற்றியதும் அந்த வாசனை கிளம்பியது. பையைத் தள்ளிவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். சூடு அதிகமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, பார்.

நீ போய்ச் சேர்ந்து நாளை நாற்பதாம் நாள். உன் மகன் நேரில் வந்து அழைத்துவிட்டுப் போனான்.

எழுபதுகளின் நடுவில், மாமல்லபுரத்தில் கடலடி ஆய்வுக்கு வந்த படகில் நாம் இருவரும் கயிறு பிடிக்கும் தினக்கூலிகள். முக்குளிப்பு வகுப்பில் தேறினால் வேலை நிரந்தரம் என்றார்கள். நீ முதல் நாளே மீன்போல இறங்கினாய். எனக்கு மாஸ்க்குக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்ற வரவில்லை. ஒவ்வொரு முறையும் புரையேறி மேலே ஓடி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை சைக்கிளில் முட்டுக்காட்டுக்கு அழைத்துப் போனாய். இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, வாயில் பப்பாளித் தண்டைக் கொடுத்து, தலையை முக்கச் சொன்னாய். "வாயால இழு. மூக்க மறந்துடு" என்றாய். மூன்றாவது ஞாயிறு நான் புரையேறாமல் தண்ணீருக்குள் அசையாமல் இருந்தேன். அன்று திரும்பும் வழியில்தான் சொன்னேன்: இந்த வேலை போனால் செய்யூரில் அப்பா கூலிக்கு அறுக்கும் அதே வயலில் நானும் நிற்க வேண்டியதுதான் என்று. நீ மிதித்துக்கொண்டே வந்தாய்.

கடைசித் தேர்வு முப்பதடி ஆழத்தில். உன் சிலிண்டரை மூடிவிட்டு, என் ரப்பர் வாய்க்குழாயில் இருவரும் மாறி மாறி மூச்சு வாங்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மூச்சு. நான்கு முறை ஒழுங்காக நடந்தது. ஐந்தாவது முறை என் மாஸ்க்கில் தண்ணீர் ஏறியது. பயந்துவிட்டேன். இரண்டு மூச்சு முடிந்தும் குழாயை விடவில்லை. நீ கையை நீட்டினாய். என் தோளைத் தட்டினாய். நான் பல்லால் இறுகக் கடித்துக்கொண்டேன். கண்ணாடிக்குப் பின்னால் உன் கண்ணில் இருந்தது ஆச்சரியம். பிறகு குமிழி விட்டபடி தனியாக மேலே போனாய்.

நான் படகில் ஏறும்போது உன் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் கலங்கலாக இருந்ததால் மேலிருந்த பயிற்சியாளருக்கு எதுவும் தெரியவில்லை. யார் தவறு என்று கேட்டார். "நான்தான் சார். பயந்து வுட்டுட்டேன்" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் கால் துடுப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். அன்றே உன்னை வகுப்பிலிருந்து நீக்கினார்கள்.

சவுக்குத் தோப்பில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"எனக்கு மாமா கடை கீது மச்சான். உனக்கு இன்னா கீது?"

அந்தக் கடை ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. நீ செங்கல்பட்டு மார்க்கெட்டில் மூட்டை தூக்கினாய். நான் சம்பளம், பென்ஷன் எல்லாம் வாங்கினேன். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன். நீ எடுக்கட்டும் என்று காத்திருந்தே நாற்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

உன்னை அடக்கம் செய்து திரும்பிய அன்று உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அத்தாவுக்குத் தண்ணின்னா பயம்னு வூட்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். அவரும் சிரிச்சிக்குவாரு. நீங்க கூட இருந்தீங்களே, அவ்ளோ பயந்துட்டாரா?"

உன் மனைவியிடமும் பிள்ளைகளிடமும்கூட நீ சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்குத் தண்ணீர் ரொம்பக் கலங்கலாக இருந்தது தம்பி என்றேன். அவன் தலையாட்டினான்.

நாளை சொன்னால் வெளியே போகச் சொல்வான். சொல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார வைத்துப் பரிமாறுவான். காலையிலிருந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். மூன்றையும் அவனுக்கென்றுதான் எழுதத் தொடங்கினேன். ஒவ்வொன்றிலும் நாலு வரி தாண்டுவதற்குள் கை உன் பக்கம் திரும்பிவிட்டது. நடந்தது தெரிந்த ஒரே ஆளிடமே அதை மறுபடியும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.