உம்மா தலைமாட்டுக் கல்

அன்பு மகன் சல்மான் ஃபாரிசுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நான் சுகம், மூத்தவள், உன் லாத்தா தஸ்மியாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை, ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் ஏசிவிடுவேன் என்று பயந்து எழுதுகிறேன், இந்தக் கடிதத்தை லாத்தா போனில் படம் பிடித்து அனுப்புவாள்.

போன வியாழக்கிழமை நீ அனுப்பிய இரண்டு பேர் வேனோடு மேலப்பாளையம் வந்து, முற்றத்தில் இருக்கும் கல்லைக் கண்காட்சிக்குக் கொடுங்கள் என்றார்கள். ஆற்றங்கரை மருதமரத்துக் காயைப் பார்த்து முழங்கால் உயரத்தில் ஐந்து மடிப்போடு நீ செதுக்கினாயே, அதுதான். சிலை செய்கிறவனுக்கு என் வீட்டில் சோறு கிடையாது என்று அன்றைக்கு நான் குதித்தபோது, கண்ணு மூக்கு ஒண்ணும் இல்லியே, காய் மாதிரிலா இருக்கு, பிள்ளையை ஏன் ஏசுதிய என்று உன் உம்மாதான் மறித்தாள். நீ ஜெர்மனி போன பிறகு ஏழு வருஷமும் தினம் அதைக் கழுவித் துடைத்தாள். கேட்டால், எம்புள்ள கை பட்டது என்பாள். எனக்கு அது கிறுக்குத்தனமாகத்தான் தெரிந்தது.

ரமலானுக்கு முந்தின மாதம் அவள் மவுத்தானபோது நீ வரவில்லை. கண்காட்சித் திறப்பு என்றாய், டிக்கெட் இல்லை என்றாய். ஒரு காரணம் போதும் மகனே, இரண்டு சொன்னதால்தான் எனக்கு மனசு விட்டுப்போனது. அடக்கியதும் தலைமாட்டில் மீசான் கல் நட பள்ளிவாசல் மோதினார் ஹசன் அலி வழக்கமான பலகைக் கல்லோடு நின்றார். நான்தான் வேண்டாம் என்று வீட்டிலிருந்து உன் கல்லைத் தள்ளுவண்டியில் கொண்டுவரச் சொன்னேன். ஜமாஅத்தில் ஒருத்தர் முணுமுணுத்தார், கண்ணு மூக்கு இல்லாத கல்லுதானே வே என்று அவள் சொன்னதையே நானும் சொன்னேன். மகன் வராவிட்டாலும் மகன் கை பட்டதாவது அவள் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். கல் நட்டாச்சு என்று அன்றைக்கே உன்னிடம் சொன்னேன், என்ன கல் என்று நீ கேட்கவில்லை.

வேனில் வந்தவர்களை மையவாடிக்குக் கூட்டிப்போய் உன் உம்மா தலைமாட்டில் அந்தக் கல்லைக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள், வேனைக் காலியாகவே திருப்பிக்கொண்டு போனார்கள். யாரோ பெற்ற பிள்ளைகள், அவர்களுக்குத் தெரிந்தது. மறுநாள் நீ அனுப்பிய செய்தியில், வேறு கல் ஏற்பாடு செய்கிறேன், அதை மட்டும் எடுத்து அனுப்புங்கள் என்றிருந்தது. நான் பிடுங்க மாட்டேன், கூலிக்கு ஒருத்தனைப் பிடுங்க விடவும் மாட்டேன். வேண்டுமென்றால் நீயே வந்து எடு, அந்தச் சாக்கிலாவது உம்மாவைப் பார்க்க வந்தவன் ஆவாய்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் கைக்குப் பலமும் தரட்டும். குளிரில் நெஞ்சை மூடிக்கொள். வரும்போது ஒன்றும் கொண்டுவர வேண்டாம், கடப்பாரை வீட்டில் இருக்கிறது.

உன் வாப்பா
நூகு