துட்டி வீட்டுக்காரர் வருகிறார்

என்னங்க,

நான் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். ஏஜென்ட் சிவனாண்டி அண்ணாச்சி மதியம் வருகிறார். சாளை மீன் குழம்பு அவருக்கும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

இருபது வருஷம் கட்டிய இன்ஷூரன்ஸ் பாலிசி, தவணை விட்டுப்போனதால் போய்விட்டது. உங்கள் சர்க்கரையைப் பார்த்து, இனிப் புதுப்பிக்க முடியாது என்றுவிட்டார்களாம். அதற்காக அவரிடம் கத்த வேண்டாம். நேற்று என்மேல் எரிந்து விழுந்ததே போதும்.

அவர் மனைவி தவறிய பிறகு, துட்டி வீட்டில் போய் “பிரீமியம் வாங்க ஏன் வரல?” என்று எப்படிக் கேட்பது என நாம் இருந்துவிட்டோம். அவரோ, “பொண்டாட்டியப் பறிகொடுத்தவன் அடுத்தவங்க வீட்டுப் படி எப்படித் தாயி ஏற?” என்று போனில் அழுகிறார்.

பகவதி

பி.கு.: இன்றும் படிக்குக் கீழேதான் நிற்பார். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வாருங்கள்.