செருப்புப் போட்ட சரஸ்வதி

புரட்டாதி 19, திங்கள்

இருட்டிக் கட்டினது, மழை இல்லை. விதைப்புக்குக் காத்திருக்கிற வட்டக்கச்சி ஊர் முழுக்க வானத்தைப் பார்த்தபடி. மகள் சுகந்திக்கு மூக்கடைப்பு. சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டதோ? காது வைத்து மூன்று தரம் கேட்டன். இவர்: "அது உன்ர நெஞ்சு அடிக்கிற சத்தமப்பா."

உழுந்து காயவைத்தது. ஞாயிறு, விசயதசமிக்குப் பள்ளிக்கூடச் சரஸ்வதிக்கு முன்னால் சுகந்திக்கு ஏடு தொடக்கல், முதல் எழுத்து. அவளின்ர சட்டைக்குக் கை தைக்கிறது மட்டும் பாக்கி.

சரஸ்வதி முடியிற கட்டமாம். சீமெந்துச் சிலை, ஆளுயரம். செய்கிறவர் முல்லைத்தீவு மேசன் அந்தோனி அண்ணை, மாதா சொரூபம் செய்து பழகின கை. போன மாதம் வந்து தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, எதைச் செய்தாலும் எனக்கு மாதாவா வருது. சீலை மடிப்புக்கு ஒரு படம் தாங்கோவன்." என்ர கல்லூரிச் சரித்திரப் புத்தகத்தில் காந்தாரச் சிலை ஒன்று, கிரேக்க மடிப்போடு. எனக்கு உயிரான படம். குடுத்தன். அதோடு நிற்கலாம்தானே. "உங்கட எண்ணத்துக்குச் செய்யாதேங்கோ அண்ணை. படத்தில இருக்கிறதை அப்பிடியே செய்யுங்கோ. மீசையை மட்டும் விடுங்கோ."

20, செவ்வாய்

மூக்கு பரவாயில்லை. இப்ப இருமல்.

சிலை பார்க்கப் போனன். அண்ணை சாக்கை விலக்கினார். அம்மாடி, அந்த மடிப்பு! தோளில் தொடங்கி முழங்கால் வரை வாய்க்கால் தண்ணி மாதிரி ஓட்டம். அழுகை வரப் பார்த்தது. பிறகு காலைப் பார்த்தன்.

செருப்பு. வார், முடிச்சு எல்லாத்தோடும்.

"அண்ணை, இதென்ன?"

"படத்தில இருந்தது தங்கச்சி. அந்த வாருக்கே ரெண்டு நாள் போச்சு."

படத்தில் நிற்பவர் புத்தராகப் போகிற இளவரசர். அவருக்குச் செருப்பு அழகு. மீசையைச் சொன்ன எனக்குச் செருப்பைச் சொல்ல வரவில்லையே! சாக்கை மூட முன்னம் பெற்றார் சங்கத் தலைவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

22, வியாழன்

ஊர் முழுக்க இதே கதை. சீனி வாங்கப் போன கடையில் ஒருவர்: "வேதக்காரனைப் பிடிச்சா சரஸ்வதிக்குச் செருப்புத்தான் போடுவான்." அண்ணை கிறிஸ்தவராம், அதுதான் பிழையாம். சீனி வாங்காமலே திரும்பினன். வெட்கம்.

சிலையை உடைத்துவிட்டுச் சரஸ்வதி படம் ஒன்று வைக்க வேணுமாம் தலைவருக்கு. நாளைக்குக் கூட்டம். புத்தகம் ஆருடையது என்று அந்தோனி அண்ணை மூச்சு விடவில்லை. இவர்: "நீ போகாதை, நான் கதைக்கிறன்." இவர் கதைத்தால்! நாலு தரம் "ஓம், ஓம்" சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்து வருவார்.

23, வெள்ளி

போனன். இடுப்பில் சுகந்தி, கையில் புத்தகம்.

"படம் நான் குடுத்தது. அப்பிடியே செய்யச் சொன்னதும் நான். அண்ணையில பிழை இல்லை."

தொடங்கினது நிற்கவில்லை. காந்தாரத்துச் சிற்பிகளுக்குக் கிரேக்கக் கைப்பழக்கம், புத்தரைச் செய்யச் சொன்னபோது தங்களுக்குத் தெரிந்த உடுப்பைப் போட்டார்கள், எங்கட ஆக்கள் அதைப் பார்த்துத் தங்கட பாட்டுக்கு மாற்றினார்கள், என்றெல்லாம்.

தலைவர்: "கிரேக்கன் என்னத்தையும் போடட்டும் பிள்ளை. இதைப் பாத்து எங்கட பிள்ளையளும் செருப்போட வகுப்புக்கை வருங்கள்!"

பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்கா பின்னால் இருந்து: "முதல் அதுகளுக்குச் செருப்பு வாங்கிக் குடுங்கோ. பிறகு கழட்டச் சொல்லுவம்."

சிரிப்பு. தலைவருக்கும் வந்துவிட்டது. அந்தச் சந்தில் அந்தோனி அண்ணை எழும்பினார். "உடைக்க வேண்டாமையா. தாமரை இதழை உயத்திக் காலை மூடிவிடுறன். ஒரு நாள் தாங்கோ." சரி என்றார்கள். வீட்டுக்கு வந்துதான் எனக்கு யோசனை. சீமெந்து ஞாயிறுக்கிடையில் காயுமோ? மழை வந்தால்?

25, ஞாயிறு. விசயதசமி

காய்ந்தது. சுகந்தி அரிசியில் 'அ' எழுதினாள். பிறகு ஐயரின் விரலை விடமாட்டன் என்று ஒரே அடம். இருமல் இல்லை.

அந்தோனி அண்ணை மாதா கோயில் பூசை முடிந்து நேரே வந்து கடைசியில் நின்றவர். தலைவர் தானே போய் முன்னுக்குக் கூட்டிவந்தார்.

"தாமரை நல்ல வடிவு, அந்தோனி. இது எந்தப் படம்?"

"இது என்ர மண்டைக்கை இருந்ததையா."

பெண்டுகள் ஒருத்தரும் தாமரையைப் பார்க்கவில்லை. மடிப்பைத்தான். பொன்னம்மாக்கா கையைப் பிடித்தா: "படிச்சனீதானே பிள்ளை, இந்த மாதிரிச் சீலை கட்ட எங்களுக்கும் பழக்கு." நாளைக்குக் காலமை நாலு பேர் வருகினம். ஓம் என்று வந்துவிட்டன்.

எனக்கு எங்கே தெரியும்? சுகந்தி நித்திரை. இவரின்ர வேட்டியைச் சுற்றிப் பார்த்தன், இரண்டு தரம் தோளால் வழுக்கிவிட்டது. மூன்றாம் தரம் இவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு: "சரஸ்வதி, நான் செருப்பைக் கழட்டிப்போட்டே உள்ளுக்கு வரட்டோ?"