மேலே வந்த மீன்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. நாங்கள் நலம்தான். நம் குளத்து மீன்களில் பாதிக்கு மேல் செத்துவிட்டன.

சில நாட்களாக இங்கே வெயிலே இல்லை, ஒரே மேகமூட்டம். விடிகாலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அப்பா, "பாவம், பசியில தவிக்குதுங்க" என்று இன்னொரு மூட்டைத் தீவனத்தைப் பிரித்துக் கொட்டினார். நீ கோபித்துக்கொண்டு போன அன்றும் இதே சண்டைதானே? அது பசியில்லை, மூச்சுமுட்டல், தண்ணீருக்குள் காற்றடிக்கும் மோட்டார் போடுங்கள் என்று நீ சொன்னதற்கு, "நீ என்ன மீன் வயித்துலயா பொறந்த?" என்று கேட்டாரே!

பள்ளி நூலகத்தில் தேடிப் படித்தேன். வெயில் இல்லாத நாட்களில் குளத்து நீரில் ஆக்சிஜன் குறையுமாம். அப்படிக் குறைந்தால் மீனின் செவுள்கள் வேகமாக அடித்துக்கொள்ளும், இதயம் மட்டும் மெதுவாகத் துடிக்குமாம். நமக்குப் படபடக்கும் இல்லையா, அதற்கு நேர்மாறு. ஓட்டத்தைக் குறைத்து, தின்பதைக் குறைத்து, இருப்பதை வைத்துச் சமாளிக்கும். முடியாதபோது, காற்றுப்படும் மேல்நீரில் வந்து வாய் வைக்கும். தின்றதைச் செரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும். மிஞ்சிய தீவனம் அழுகினால் அதுவும் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். அப்பா இரக்கப்பட்டுப் போட்டதுதான் அவற்றை அமுக்கிவிட்டது. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொல்லவும் தேவையிருக்கவில்லை. மீன்கள் மிதக்கத் தொடங்கியதும் இடுப்பளவு நீரில் இறங்கி, பலகையால் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார். அம்மா கூப்பிட்டும் மதியம் வரை கரையேறவில்லை. "அவன் சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பக்கத்தில் மீன்கள்தான் இருந்தன.

நேற்று என்னிடம் வந்து, "அந்தக் காத்து மோட்டாரு, நம்ம குளத்துக்கு எத்தன பெருசு வேணும்? உன் புஸ்தகத்துல இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. குளத்தின் அளவை வைத்து நான் கணக்கும் போட்டு வைத்திருந்தேன். ஆனாலும், "இல்லப்பா, அண்ணாவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அவர் போனை எடுத்தார், சட்டையில் துடைத்தார், திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மிஞ்சிய மீன்கள் இன்றும் மேலே வந்தன. அவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதே, அண்ணா. நீயே கூப்பிடு. செத்ததைப் பற்றிக் கேட்க வேண்டாம், மோட்டாரைப் பற்றி மட்டும் பேசு. நான் எழுதியதையும் சொல்லிவிடாதே.

என்றும் உன்மேல் பாசமுள்ள,
பொய் சொன்ன தங்கை