மூன்றாவது கிண்ணம்

லியூதாங்,
1986, ஆறாம் மாதக் கடைசி.

தூரத்தில் இருக்கும் என் தம்பி மகள் வென்ஷியாவுக்கு, உன் அத்தை கெங்ஷியு எழுதுவது.

இங்கே நானும் என் மகன் குய்ஷெங்கும் அவன் பிள்ளைகளும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை விடு. உன் கடிதத்தை குய்ஷெங் படித்துக் காட்டினான். அவன் அவசரக்காரன், பாதியை விழுங்குவான் என்று பிறகு நானே விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். உன் அப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டான், பதவியிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள், வலது கை நடுங்குகிறது. எல்லாம் சரி. கடைசியில் கேட்டிருக்கிறாயே, "அப்பாவுக்கு ஊருக்கு வர ஆசை. அத்தை வாசலைத் திறப்பீர்களா?" என்று. எட்டு வட்டங்களை ஆண்ட மனுஷன், ஒரு கிழவியிடம் கேட்க மகளை அனுப்புகிறான்.

பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் நீ நான் சொல்வதைக் கேட்க வேண்டும். அவன் வாழ்க்கையை எழுத வந்த அலுவலகத்துப் பையன்களிடம் "என் அக்காவைக் கேட்டுட்டு வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினானாமே. அவர்கள் இங்கே வரவில்லை. நீ கேட்டுக்கொள்.

எங்கள் அம்மா போனபோது உன் அப்பன் போச்சுனுக்கு மூன்று வயது. நான்தான் துணியில் கட்டி முதுகில் சுமந்தேன். 1949 விடுதலைக்குப் பிறகு நிலம் பிரித்த வருடம் அவன் கட்சியில் சேர்ந்தான். பண்ணையார் ஃபூவின் வீட்டுக் கதவைத் தட்டப் பெரியவர்களே பயந்து நின்றபோது, இவன் போய்த் தட்டினான். அந்தக் குளிர்காலத்தில் எருமைக் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி பெண்களான எங்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தான். கோபத்தில் என்னால் உனக்கு இப்படி நீளமாக எழுத முடிகிறது என்றால் அதுவும் அவன் போட்ட பிச்சைதான். அதனால்தான் கோபம் இன்னும் அதிகம். ஊரே அவனைப் பார்த்து வாய் பிளந்தது. பக்கத்து வீட்டு குவாங் பெண்டாட்டி தன் மகளை அவனுக்குக் கட்டிவைக்க பேச்சை ஏழு ஊர் சுற்றி வளைத்து என்னிடம் குழைந்தாள். அப்போது வாங்கிப்போன சல்லடையை இன்னும் திருப்பித் தரவில்லை.

1958இல் எல்லார் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கம்யூன் வந்தது, அவன் அதற்குக் கட்சிச் செயலாளர் ஆனான். அந்த இலையுதிர் காலத்தில் பக்கத்துக் கம்யூன்காரர்கள் ஒரு வயலில் மலைபோல் விளைந்ததாகப் பத்திரிகையில் போட்டுக்கொண்டார்கள். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று மேலிடத்திலிருந்து இவனைக் கேட்டார்கள். உன் அப்பன் என்ன செய்தான் தெரியுமா? ஊரிலிருந்த எல்லா வயலிலும் பால் பிடித்து முற்றிக்கொண்டிருந்த நெல்லை வேரோடு பிடுங்கி, என் வீட்டுக்கு எதிரே இருந்த ஒரே வயலில் நெருக்கி நடச் சொன்னான். நட்டோம். பயிர் நின்ற நெருக்கத்தில் எலி நுழைய இடமில்லை. உள்ளே சூடேறிப் புழுங்கத் தொடங்கியதும், பதர் தூற்றுகிற மரப்பெட்டிகளை வரப்பில் வைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பயிருக்குக் காற்று அடித்தோம். நெல்லுக்கு விசிறி விட்ட ஊர் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சுற்றியவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர் மாவ்லின். அவர் அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார். "மச்சான், நெல்லு மூச்சு முட்டிச் சாவுது. சொல்லிட்டேன்" என்றார். உன் அப்பன், "ரெண்டு நாளு பொறுங்க அத்தான். ஃபோட்டோ புடிச்சுட்டுப் போகட்டும், பிரிச்சு நட்டுக்கலாம்" என்றான். வேரை அறுத்த நெல்லைப் பிரித்து நடலாமாம். மண்ணில் பிறந்த பிள்ளை சொன்ன பேச்சு.

மாகாணத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். கதிர்களுக்கு மேலே ஐந்து வயது குய்ஷெங்கை உட்கார வைத்தார்கள். பயிர் ஒரு பிள்ளையையே தாங்குகிறது என்று படம் வந்தது. பயிருக்குள் ஒரு பெஞ்சு இருந்தது படத்தில் தெரியவில்லை. அசையக் கூடாது என்று மாமன் சொன்னதால் என் பிள்ளை சிலைபோல் உட்கார்ந்திருந்தான். இறங்கியதும் மாமன் எள்ளு மிட்டாய் கொடுத்தான். அந்த இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது என்று இப்போதும் சொல்கிறான் இந்த முட்டாள்.

அந்த வயல் முழுவதும் அழுகியது. ஆனால் சொன்ன விளைச்சலின்படிதான் அரசு நெல் கேட்டது. விதை நெல்வரை பெருக்கிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுத மாட்டேன். மரப்பட்டை தின்றிருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இரண்டாம் வருட வசந்தத்தில் மாவ்லின் போனார். அவர் பங்கு எல்லாம் பிள்ளை வயிற்றுக்குப் போயிருந்தது, எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

செத்தவர் தலைமாட்டில் ஒரு கிண்ணம் சோறு வைக்க வேண்டும். வீட்டில் ஒரு பருக்கை இல்லை. உன் அப்பன் தன் பங்கு அரிசியைச் சமைத்து ஒரு கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டு வந்தான். அவனும் அப்போது எலும்பும் தோலுமாகத்தான் இருந்தான், பொய் சொல்ல மாட்டேன். நான் அதை வாங்கி முற்றத்துச் சேற்றில் கொட்டினேன். "இதைக் கொண்டுபோய் அந்த வயல்ல வை. இந்த வாசல்ல இனிமே உன் கால் படக் கூடாது" என்றேன். அவன் முட்டி போட்டு உட்கார்ந்து, சேற்றிலிருந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினான். ஊர் பார்த்தது. பொறுக்கி முடித்து எழுந்து போனான். நான் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அடுத்த வருடம் வட்டத்துக் கூட்டத்தில், வெள்ளத்தாலும் வறட்சியாலும்தான் பஞ்சம் என்று எல்லாரும் எழுதிக் கொடுத்தார்களாம். இவன் எழுந்து, எங்கள் ஊரில் வெள்ளமும் வரவில்லை, வறட்சியும் வரவில்லை, பொய் சொன்னது நான்தான் என்றானாம். அன்றோடு பதவி போயிற்று. அணை கட்டுகிற இடத்தில் மண் சுமந்தான். அங்கேதான் உன் அம்மாவைக் கண்டான். அவள் நல்லவள், அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு பழைய அதிகாரிகளை வேட்டையாடிய பள்ளிக்கூடத்துப் பையன்கள், செங்காவலர்கள், வந்தார்கள். அவன் கழுத்தில் பலகை மாட்டி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். எங்கள் ஊருக்கும் கொண்டுவந்து, இவன் செய்ததைச் சொல் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் ஏறவில்லை. மிரட்டியும் ஏறவில்லை. என் கோபம் என்னுடையது, நேற்று முளைத்த பையன்களுக்கு அதைக் கடன் கொடுக்க மாட்டேன்.

காற்று மாறியதும் அவனைத் தேடிப் பிடித்து வட்டச் செயலாளர் ஆக்கினார்கள், எட்டு வட்டங்கள் பிற்பாடு வந்தவை. 1979இல், மேலிருந்து உத்தரவு எதுவும் வருவதற்கு முன்பே, மூன்று ஊர்களில் நிலத்தைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து உழ விட்டான். அதில் எங்கள் ஊரும் ஒன்று. மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து களத்துமேட்டிலேயே வைத்துக் கத்தினார். ஒரு தடவை வாயைக் கொடுத்துப் பட்டது போதாதா, மறுபடியும் மண் சுமக்க ஆசையா என்று கேட்டார். நான் வைக்கோற்போருக்குப் பின்னால் நின்றிருந்தேன். உன் அப்பன் நிதானமாகச் சொன்னான்: "ஒரு தடவை மேலயே பாத்துக்கிட்டு இருந்தேன், காலுக்குக் கீழ வயலு அழுகிடுச்சு. இனிமே கீழதான் பாப்பேன் தோழர். சுமக்கச் சொன்னா சுமக்கிறேன்."

அதிகாரி போய்விட்டார். மத்தியானம் எல்லா வீட்டிலும் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், அவன் எங்கும் போகவில்லை. அந்த வயல் வரப்பில் நின்று, பையிலிருந்து ஆறிப்போன சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்துத் தின்றான். பார்வை என் வீட்டு வாசலில்தான் இருந்தது. நான் சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை, வெளியேயும் போகவில்லை. என் நாய்தான் போனது. வெட்கம் கெட்டது, வாலை ஆட்டிக்கொண்டு போனது. கிழங்கில் பாதியைப் பிட்டு அதற்குப் போட்டான்.

சீட்டுப் போட்டு நிலம் பிரித்தபோது அந்த வயல் தன் சீட்டில் வருவதை ஒருவரும் விரும்பவில்லை. நான் கேட்டு வாங்கினேன். குய்ஷெங் வேண்டாம் என்றான். எதிரியைக் கண் முன்னால் வைத்திருப்பதுதான் எனக்குப் பழக்கம். ஏழு வருடம் எரு போட்டோம். ஒரு நாற்றுக்கும் இன்னொரு நாற்றுக்கும் நடுவில் காற்று போகிற அளவு இடம் விட்டு, எங்கே நட வேண்டும் என்று நான்தான் சொல்வேன். இந்த வருடம் வந்து பார். கதிர் குனிந்து கிடக்கிறது. குவாங் பெண்டாட்டிகூட வரப்பில் வந்து நின்று பார்த்துவிட்டு வாய் பேசாமல் போனாள், அவளைப் பேச விடாமல் செய்த பயிர் இதுதான்.

குய்ஷெங் தினமும் நச்சரிக்கிறான். "அம்மா, மாமாவுக்கு வயசாச்சு. நீயும் சின்னப் பிள்ளை இல்ல" என்கிறான். எனக்கு அறுபத்தைந்து என்று அவன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அடுத்த மாதம் முதல் வாரத்தில் அறுவடை. அதற்கு மறுநாள் புத்தரிசிச் சோறு. உன் அப்பன் பட்டணத்தில் எல்லாம் மறந்திருந்தாலும் இந்த முறையை மறந்திருக்க மாட்டான்: முதல் கிண்ணம் செத்தவர்களுக்கு, இரண்டாவது கிண்ணம் ஆதியில் மனுஷனுக்கு நெல்லைக் கொண்டுவந்ததாக நம் கதை சொல்கிற நாய்க்கு, அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. மூன்றாவது கிண்ணம் அவனுக்கு. நாய்க்குப் பின்னால்தான் அவன், இதை அவனிடம் அப்படியே சொல். சம்மதம் என்றால் கூட்டிக்கொண்டு வா.

ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார வை, குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. பஸ் நிற்கிற இடத்துக்கு குய்ஷெங் டிராக்டரோடு வருவான். உன்னையும் பார்க்க வேண்டும், நீ உன் பாட்டி ஜாடையாமே.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லி வை. மாவ்லினுக்கான முதல் கிண்ணத்தை அந்த வயல் அரிசியிலிருந்து உன் அப்பன்தான் தன் கையால் நிரப்பி மேசையில் வைக்க வேண்டும். வேறு யார் வைத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கை நடுங்குகிறதே என்று கவலைப்பட வேண்டாம் என்று சொல். சிந்தினால் சிந்தட்டும். இந்தத் தடவை நான் பொறுக்குகிறேன்.

முற்றத்தைப் பெருக்கி வைத்திருக்கும்
உன் அத்தை,
யின் கெங்ஷியு