பன்னிரண்டில் ஒரு சீட்டு

அன்புள்ள கிர்ஸ்டி,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ ஹோபார்ட்டில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் ஆமாம் என்றே பதில் எழுது. இங்கே பனி விழுந்துவிட்டது. மான் வேட்டை தொடங்கி ஊரெல்லாம் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைகள். நீ விமானம் ஏறிய மறுநாள் சமையலறை நாற்காலிகளில் இரண்டைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன், அடுத்த நாள் ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்தேன். காரணம் கிடையாது. தேவாலயப் பெண்கள் கொண்டுவந்த உணவில் பாதி இன்னும் உறைபெட்டியில்தான். பாத்திரங்களைக் கழுவி, அடியில் ஒட்டிய பெயரைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன். கடைசியாக ஒன்று மிச்சம். திருப்பிப் பார்த்தால் மார்லிஸ் ட்வைட் என்று அம்மாவின் கையெழுத்து. எப்போதோ யாருக்கோ கொடுத்தது, அதிலேயே அவள் சாவுக்கு உருளைக்கிழங்கு வந்திருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று கொஞ்ச நேரம் உண்மையிலேயே யோசித்தேன்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் ஓட்டு எண்ணப்பட்டது, பிறகு நீக்கப்பட்டது. நீக்க வைத்தது நான்.

அம்மா இறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. தபால் ஓட்டுச் சீட்டைக் கேட்டாள். நான் தலையணையை நிமிர்த்தி வைத்து, பலகையையும் பேனாவையும் கொடுத்தேன். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட வேண்டும், அதனால் அங்கேயே நின்றேன். "திரும்பிக்கோ ரோலி" என்றாள். முப்பத்தொரு வருஷக் கல்யாணத்துக்குப் பிறகுமா என்றேன். "முப்பத்தொரு வருஷமா காலையில எழுந்ததும் உன் அபிப்பிராயத்தை ரேடியோவுல கேக்குறேன், என் அபிப்பிராயம் எனக்கே இருக்கட்டும், திரும்பு" என்றாள். திரும்பினேன். ஜன்னலில் குபியாக் வயல், அறுத்த சோளத்தட்டை. பின்னால் பேனா இரண்டு முறை கீறும் சத்தம். உறையை நக்கி ஒட்ட அவளுக்கு எச்சில் போதவில்லை, ஈரத் துணி கொடுத்தேன். மறக்காமல் தபாலில் போட்டுவிடு என்றாள். புதன்கிழமை இறந்தாள். சனிக்கிழமை அடக்கம். ஞாயிறு நீ கிளம்பினாய். திங்களன்று கடிகாரத்துக்கு அடியில் அந்த உறையைப் பார்த்தேன், பனிக்காலணி கூடப் போடாமல் தெருவரை நடந்து தபால் பெட்டியில் வைத்து, தபால்காரர் எடுத்துப்போகச் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டேன். சட்டம் எனக்குத் தெரியும். தேர்தல் நாளுக்கு முன் இறந்தவரின் ஓட்டு செல்லாது. இதை ஊருக்கு ரேடியோவில் சொன்னவனே நான். தெரிந்தும் வைத்தேன் என்று சொன்னால் உண்மை முழுதாகாது, தெரியாமல் வைத்தேன் என்றால் பொய். அவள் சொன்ன கடைசி வேலை. கை செய்தது.

தேர்தல் நாள், மதிய வேளை. ஓட்டுப் போடும் மண்டபத்தில் கூட்டம் குறைந்ததும் ஊர் கிளார்க் வெர்னா தபால் உறைகளை எடுத்தாள். உனக்குத் தெரியும் அந்த முறை. ஊர் கிளார்க் ஒவ்வொரு உறையாகத் தூக்கி, அனுப்பியவர் பெயரைச் சத்தமாக வாசிக்க வேண்டும், ஆட்சேபிக்க ஒரு மூச்சு நேரம் விட வேண்டும், பிறகுதான் பிரித்துச் சீட்டைப் பெட்டிக்குள் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்த மூச்சு நேரம் என்னுடையது. சுவரோரம் நம் கட்சிப் பார்வையாளர் நாற்காலி எனக்கு, எதிர்க்கட்சி நாற்காலி டேல் குபியாக்குக்கு. அவன் மச்சான் பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபோன வருஷம் மச்சான் ஓட்டை ஆட்சேபித்து நான் கையைத் தூக்கினேன், டேல் ஆறு மாதம் பேசவில்லை. மொத்தம் பன்னிரண்டு உறைகள். நாலாவது உன்னுடையது, கிளம்பி வருவதற்கு முன்பே நீ ஹோபார்ட்டில் தபாலில் போட்டது. அந்தத் தபால்தலையில் இருக்கும் பறவையைப் பார்த்துவிட்டு, "கோழி தப்பிச்சு ரொம்ப தூரம் போயிருக்கு" என்றான் டேல். எல்லோரும் சிரித்தோம். ஒன்பதாவது உறையை வெர்னா எடுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். மார்லிஸ் ஆன் ட்வைட் என்று வாசித்தாள்.

மண்டபத்தில் ஏழு பேர். ஏழு பேரும் பத்து நாள் முன்னால் அவள் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்கள். எண்ணெய் அடுப்பு டிக் டிக் என்றது. டேல் பிளாஸ்க் மூடியை மூடிக்கொண்டிருந்தான், பாதியில் கை நின்றது. என்னைப் பார்த்தான். வெர்னாவும் பார்த்தாள். அது ஆட்சேபத்துக்கான மூச்சு நேரம் போல இல்லை. வகுப்பில் பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல இருந்தது. இதோ என்று யாரோ சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். வெர்னா பிரித்தாள். சீட்டு மரப்பெட்டிக்குள் விழுந்தது. காகிதத்துக்கு அவ்வளவு சத்தம் இருக்குமா. பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே ஓட்டு வரிசை எண் இருநூற்று ஆறு. காலையில் எனக்குக் கிடைத்த எண் முப்பத்தெட்டு. எனக்குப் பிறகு வந்து போட்டிருக்கிறாள்.

மாநிலத்தில் நம் ஆள் தோற்றார். முப்பது லட்சம் ஓட்டில் இரண்டாயிரத்துச் சொச்சம் வித்தியாசம், நாடே நம் மாநிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா. மறு எண்ணிக்கை வேண்டும் என்று ரேடியோவில் தினமும் பேசினேன். பெரிய நகரங்களில் இறந்தவர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றேன். யார் எவர் என்று ஒரு பெயர்கூட என்னிடம் இல்லை. என்னிடம் இருந்த ஒரே பெயரைச் சொல்லவில்லை. நிகழ்ச்சியை முந்தின பிற்பகலிலேயே பதிவு செய்துவிடுவோம், மறுநாள் காலை பால் விலை வாசித்த பிறகு ஓடும். அதனால் அந்த நேரத்தில் நான் காரில் போய்க்கொண்டிருப்பேன். ஒவ்வொரு மாட்டுத் தொழுவத்திலும் ரேடியோ. நாற்சந்தியில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் மூன்று பக்கத்துத் தொழுவங்களிலிருந்தும் என் குரல், கொஞ்சம் முன்னும் பின்னுமாக. இறந்தவர்கள் எழுந்து வந்து ஓட்டுப் போடுகிறார்கள் நண்பர்களே என்கிறது. மாடுகள் அசை போடுகின்றன. அது என்னைப் பார்த்துச் சொல்வது போலவே இருந்தது. வீட்டிலும் அப்படித்தான். தொலைபேசியை எடுத்தால் கட்சியிலிருந்து பதிவு செய்த ஒரு பெண் குரல், மார்லிஸ் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், மார்லிஸ் உங்களை நம்பித்தான் இருக்கிறோம் என்கிறது. ஒரு வாரம் கழித்து ஓர் அட்டை வந்தது. நேரம் ஒதுக்கி ஓட்டுப் போட்டதற்கு நன்றி மார்லிஸ். அதைக் கடிகாரத்துக்கு அடியில் வைத்தேன். வேறு எங்கே வைப்பது.

வெர்னா ஒரு நாள் முட்டை வாங்க வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். "உன் ரேடியோவைக் கேட்டுட்டு எவனோ எனக்கு போன் பண்றான் ரோலண்ட். கிளார்க்கம்மா, உங்க ஊர்ல எத்தனை பொணம் ஓட்டுப் போட்டுச்சு, உங்க வீடு எதுன்னு எங்களுக்குத் தெரியும்ங்கறான். ஒண்ணுன்னு சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன்." அவ்வளவுதான் சொன்னாள். முட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். காரில் ஏறுமுன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

நான் கேட்ட மறு எண்ணிக்கை எனக்குக் கிடைத்தது. மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில், காலை ஒன்பதுக்கு, நம் ஊர் மேஜை மூன்றாவது. முதலில் உறைகளைச் சரிபார்ப்பார்கள். மாவட்ட அலுவலகத்துப் பெண் ஒருத்தி, இளவயசு, நம்மை யாரையும் தெரியாது, பெயர்களை வாசித்தாள். ஒன்பதாவது பெயரை எந்தத் தயக்கமும் இல்லாமல் வாசித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நான் எழுந்தேன். ஆட்சேபிக்கிறேன் என்றேன். டேல் தாழ்ந்த குரலில், "உக்காருடா ரோலி. உன்னை யாரும் கேக்கல. அவ போட்டா, முடிஞ்சுது" என்றான். நான் உட்காரவில்லை. இந்த வாக்காளர் தேர்தலுக்குப் பதின்மூன்று நாள் முன்னால் இறந்துவிட்டார், என் மனைவி, உறையைத் தபாலில் போட்டவன் நான், கிளார்க் மேல் தவறு இல்லை, ஆட்சேபிக்க உட்கார்ந்திருந்தவன் ஆட்சேபிக்கவில்லை என்றேன். அந்தப் பெண் முகம் வெளுத்து, "ஐயோ, மன்னிச்சுக்கோங்க சார்" என்றாள், அவள்தான் கொன்றது போல. அம்மாவின் உறையைத் தனியே வைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் என் தப்பு. அம்மாவின் சீட்டை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அதற்குத்தான் மனதைத் தயார்செய்துகொண்டு போயிருந்தேன், இரண்டாவது முறை அடக்கம் செய்வது போல. ஆனால் உறையிலிருந்து வெளியே வந்த சீட்டில் பெயர் கிடையாது. யாருடையது எது என்று யாருக்கும் தெரியக்கூடாது. ஓர் உறை செல்லாது என்றால், தபால் ஓட்டு என்று முத்திரை குத்திய சீட்டுகள் மொத்தத்தையும் கலைத்துப்போட்டு, பார்க்காமல் ஒன்றை உருவி நீக்குவார்கள். எண்ணிக்கை சரியாக வேண்டும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் விதி விதி என்று பேசியவன் இந்த விதியைப் படித்துவிட்டு மறந்திருக்கிறேன். பன்னிரண்டையும் மேஜையில் கலைத்தார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவளுடைய பெருக்கல் குறி எனக்குத் தெரியும், ஜாம் புட்டி மூடிகளில் போடுவாளே, வலது கால் கொக்கி மாதிரி வளைந்து. பார்த்தால் எந்த வரியில் என்று தெரிந்துவிடும். திரும்பிக்கோ என்று சொல்லியிருக்கிறாள். காகிதம் காகிதத்தில் உரசும் சத்தம். பிறகு டேலின் குரல். "எவன்டா இது பச்சை மையில குத்தியிருக்கான், கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கே." சிரிக்க ஆரம்பித்தான், சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டான். நீ பிறந்தநாள் வாழ்த்து எழுதுவதும் பச்சை மையில்தான் என்பது அவனுக்கும் தெரியும். அவன் மகளுக்கும் எழுதியிருக்கிறாய்.

ஆகவே கிர்ஸ்டி, அம்மா உள்ளே இருக்கிறாள். நீ வெளியே. உயிரோடு இருப்பவளை எடுத்துவிட்டு இறந்தவளை வைத்திருக்கிறார்கள், விதிப்படி, என் வாயால். நம் ஊரின் மற்றச் சீட்டுகளோடு அவளுடையதைச் சாக்கில் போட்டு முத்திரை வைத்து நீதிமன்ற நிலவறையில் பூட்டிவிட்டார்கள். இரண்டு வருஷம் அங்கேதான் இருக்குமாம். சந்தைக்குப் போகும்போது அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தரையோடு ஒட்டிய சின்ன ஜன்னல் ஒன்று இருக்கிறது. காரை மெதுவாக்குகிறேன். நிறுத்துவதில்லை.

மறு எண்ணிக்கையில் வித்தியாசம் ஒன்பது ஓட்டுக் குறைந்தது. தோல்வி தோல்விதான். அன்று பிற்பகல் ஒலிப்பதிவுக்கு எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேசினேன். எனக்குத் தெரிந்து இந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்ட இறந்தவர் ஒருவர்தான், அவரை அனுப்பியவன் நான் என்றேன். விதி என்பது நாம் வெறுப்பவர்களைப் பிடிக்க வைத்த பொறி அல்ல, நாம் நேசிப்பவர்கள் விஷயத்திலும் நம் கையைப் பிடித்து நிறுத்துவது, அது அன்புக்கு வளைந்தால் நாளைக்குக் கோபத்துக்கும் வளையும் என்றேன். பழையதைக் காக்க வேண்டும் என்று சொல்கிற நாம் முதலில் காக்க வேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான், நமக்கு எதிராக வந்தாலும், எண்ணுகிற அண்டைவீட்டுப் பெண்ணையும் சேர்த்து என்றேன். எண்ணினார்கள், நாம் தோற்றோம், நாலு வருஷம் கழித்து வேலையைச் செய்து ஜெயிப்போம் என்று முடித்தேன். மறுநாள் நாற்சந்தியில் நின்று கேட்டேன். இரண்டு தொழுவத்தில் ஓடியது, மூன்றாவதில் பாதியில் அணைத்துவிட்டார்கள். துரோகி என்று பதினோரு கடிதம். நிகழ்ச்சியைத் தொடர்வதா என்று வசந்தம் வரை பார்க்கலாம் என்கிறது ரேடியோ நிலையம். என் மேல் வழக்கு வரலாம், வராமலும் போகலாம் என்று வக்கீல் சொல்கிறார். வந்தால் அம்மா கேட்ட வேலை என்றுதான் சொல்லப்போகிறேன், தண்டித்தால் சரி என்பேன். வெர்னாவுக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் குறைந்திருக்கின்றன. அதிலொன்று என் வீட்டுக்கு வருகிறது, எடுத்தால் யாரும் பேசுவதில்லை, மூச்சு மட்டும். நான் வானிலையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.

டேல் சீட்டைப் பார்த்தவன். நீ எந்த வரியில் போட்டாய் என்று அவனுக்குத் தெரியும், அம்மாவின் கொக்கிக் குறியையும் கண்டிருப்பான். நேற்று மான் இறைச்சி கொண்டுவந்தான். நம் சமையலறையில், அந்தத் திரும்பக் கொண்டுவந்த நாற்காலியில் உட்கார்ந்தான். நான் காப்பி ஊற்றும்போது, "கேக்க மாட்டியா" என்றான். இல்லை என்றேன். "நல்லவேளை, சொல்லவும் மாட்டேன்" என்றான். இரண்டு பேரும் காப்பி குடித்தோம். உன்னிடமும் கேட்கப்போவதில்லை, நீயும் எழுதாதே. உன் ஓட்டைப் பறித்ததற்கு மட்டும் மன்னித்துக்கொள். கோபம் இருந்தால் அதை எழுது. சும்மா இருந்துவிடாதே, இந்த வீட்டில் பதிலில்லாத மௌனம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், அந்தக் கடல் காற்றில் காதை மூடிக்கொண்டு நட. அம்மா பெயர் எழுதிய பாத்திரத்தை இந்தப் பொட்டலத்தோடு அனுப்புகிறேன், திருப்பித்தர வேண்டிய இடம் உன் வீடுதான் என்று தோன்றியது. அடுத்த தேர்தலுக்குச் சீட்டை முன்கூட்டியே கேட்டு வாங்கு. கறுப்பு மையில் போடு. வெர்னா உன் பெயரை வாசிக்கும்போது, உயிரோடு இருக்கிறாள் என்று சுவரோரத்திலிருந்து நான் சொல்ல வேண்டும்.

உன் அப்பா,
ரோலண்ட் ட்வைட்