வாய் தவறி வந்த மன்றாட்டு

ஆம்பூர்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள ஜோவிட்டா அக்காவுக்கு,

தங்கை ஜாக்குலின் எழுதுவது. இயேசுவின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். அடுத்த மாதம் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆகப்போகிறவளை 'நீங்கள்' என்றுதான் எழுத வேண்டும் என்கிறாள் அம்மா. எனக்குக் கை வரவில்லை. மடத்தில் கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் தருவார்களாமே. முதலில் படிக்கும் சிஸ்டருக்கு ஸ்தோத்திரம். ஒன்பதாவதோடு நின்றவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நீ மடத்தை விட்டு வீட்டுக்கு வரப்போகிறாய் என்று நம் தெருவில் ஒரு பேச்சு. உன் காதுக்கும் எட்டியிருக்கலாம். அது பொய். கிளப்பியவள் நான்.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, தெருக் குடும்பங்கள் கூடும் அன்பியம் செபம் பக்கத்து வீட்டுப் பூவம்மாள் பெரியம்மா வீட்டில் நடந்தது. ஆளுக்கொரு மன்றாட்டு சொல்லும் நேரத்தில் நான் எப்போதும் தலையைக் குனிந்துகொள்வேன், நீ எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவாய். அன்று என்னை விடவில்லை. "வாயத் தொறடி, ஆண்டவர் இன்னா உன்ன அடிக்கவா போறாரு?" என்று பெரியம்மா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். என் மனதில் ஒரே ஒரு மன்றாட்டுதான் இருந்தது. அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிய அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதனால் வாயில் வேறு வந்துவிட்டது. எங்க அக்கா சீக்கிரம் வீட்டுக்கு வரணும்னு மன்றாடுவோம் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் வழக்கம்போல ஒரே குரலில், கேட்டருளும் என்று முடித்தார்கள். அம்மாவும் சொன்னாள், அக்கா. யோசிக்காமல் சொன்னாளா, யோசித்தே சொன்னாளா, தெரியவில்லை.

மறுநாளே குழாயடியில், "இன்னா, பெரியவளுக்கு மடம் பேஜார் ஆயிட்ச்சா? மாப்ள பாத்துடலாமா?" என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். உன் பெயர் கெடக்கூடாதே என்று அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டாள். தெருவுக்கே தெரிந்தது உனக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை. அம்மாவின் இடது மார்பில் கட்டி. வேலூர் ஆஸ்பத்திரியில் ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தானாம். வருகிற புதனுக்கு அடுத்த புதன் ஆபரேஷன். உனக்குச் சொன்னால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று அம்மாவுக்குப் பயம். "ஆண்டவருக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கக் கூடாதுடி" என்கிறாள்.

அதற்குப் பிறகு அம்மாவும் நானும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ரசத்தில் உப்பு கம்மி, கம்பெனி வேன் லேட்டு என்று பேசுகிறோம். நீ படுக்கும் இடத்தில் இப்போது துணி மூட்டையை வைத்திருக்கிறேன். இடம் காலியாகத் தெரிந்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

கம்பெனியில் எனக்குத் தைத்து வரும் ஷூ தோலில் நூல் பிசிறு வெட்டும் வேலை. கை தன் பாட்டுக்குப் போகும், மனசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். அதனால் ஜோடிக்கு ஓர் 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் என்று சொல்லிக்கொண்டே வெட்டுகிறேன். பக்கத்து மேசை அஃப்ஸர் ஜஹான் அக்கா என் உதட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா புள்ள, ஷூவுக்கு மந்திரம் ஓதறியா? போட்டுக்கினு போறவன் வெள்ளக்காரன், அவனுக்கு இன்னா புரியும்?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்ன பிறகு கிண்டல் செய்வதில்லை. தொழுகையில் அம்மாவுக்காகத் தானும் துவா கேட்பதாகச் சொன்னார். மந்திரம் சொன்னால் பயம் போய்விடுகிறது என்று எழுதினால் அது பொய். பயம் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறது, நடுவில் நானும் பேசுகிறேன். முன்பு அது மட்டும்தான் பேசும்.

தவறிச் சொன்ன மன்றாட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று சாமியாரைக் கேட்கப் போனேன். கோயில் வாசல்வரை போய்விட்டுக் கேட்காமலே வந்துவிட்டேன். வெட்கம் மட்டும் காரணமில்லை, அக்கா.

ஆஸ்பத்திரியில் இன்னொன்றும் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு முன் அம்மாவோடு சொந்தக்காரர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். அப்பா இல்லை. கலவை ஊரில் இருக்கும் மாமா, நீ மடத்தில் சேர்ந்த கோபத்தில் இன்னும் போனை எடுப்பதில்லை. பூவம்மாள் பெரியம்மாதான் வருகிறேன் என்றார். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "கூடப் பொறந்தவள்னு போடு, எவன் பாக்கப் போறான்?" என்றார். அம்மாவைக் காப்பாற்றச் சொல்லி ஆண்டவரிடம் மன்றாடிக்கொண்டே பொய் எழுதுவதா என்று கேட்டேன். "சரி, பக்கத்து ஊடுன்னே போடு" என்றார். அது செல்லுமா, தெரியவில்லை.

அம்மா எழுந்துவிட்டாள், முடிக்கிறேன். உன்னை வா என்று எழுதமாட்டேன். நீ என்ன முடிவு செய்தாலும் எனக்குக் கோபம் வராது. ஆரோக்கிய மாதா உன்னையும் அம்மாவையும் காக்கட்டும். எனக்குப் பதினெட்டு ஆகத் தை மாதம் வரவேண்டும். உனக்கு இருபத்து மூன்று முடிந்துவிட்டது, இல்லையா அக்கா?

உன் செபத்தை நம்பியிருக்கும்,
ஜாக்குலின்